மீன்பல்லி

கதை எழுதுகிறவனுக்கு எலும்போடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்லூரியில் நான் இரண்டே வருஷம் படித்தவன். தவளையை அறுத்துப் பார்க்கச் சொன்ன அன்று ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன். கல்லாய்ச் சமைந்துபோன ஒரு ஜந்துவைப் பற்றி எழுத எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. ஆனாலும் போன மாதம் பூராவும் இரவில் விளக்கை அணைத்த பிறகு என் கண் முன்னால் வந்து நின்றது அந்த ஜந்துதான்.

ஆரம்பித்து வைத்தவள் என் பெண். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படப் புஸ்தகம் கொண்டுவந்திருந்தாள். நீண்ட மூக்கு, அதில் வரிசையாகப் பல், சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு கண், நான்கு துடுப்பு, பிறைச் சந்திரன் போல வால். கீழே 'இக்தியோசாரஸ்' என்று பேர்.

"அப்பா, இது மீனா, பல்லியா?"

"மீன்தான். பார்த்தால் தெரியவில்லையா?" என்றேன் எழுதுவதை நிறுத்தாமல்.

"மீன்னா மூச்சு விட ஏன் தண்ணிக்கு மேலே வருது?"

அடுத்த பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. குழந்தைகள் அடுத்த பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் நம்மிடம் கேள்வி கேட்கிறார்கள். மானம் போய்விட்டது. அதற்காகத்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்தப் பேருக்கே 'மீன்பல்லி' என்றுதான் அர்த்தம். கிரேக்க பாஷையிலிருந்து சேர்த்துக் கட்டிய பேர். ஆனால் அது மீனும் அல்ல, பல்லியும் அல்ல. டைனோசரும் அல்ல. தரையில் நடமாடிய ஏதோ ஓர் ஊர்வனவின் சந்ததி கடலுக்குத் திரும்பிப் போய், காலைத் துடுப்பாக்கிக்கொண்டு, உருவத்தில் மீனாகிவிட்டது. நுரையீரலை மட்டும் மாற்ற முடியவில்லை. கடைசிவரை காற்றுக்காக மேலே வந்து போய்க்கொண்டிருந்தது. முட்டையிடக் கரைக்கு வருகிற வழக்கத்தையும் விட்டுவிட்டது. வயிற்றிலேயே வளர்த்துக் குட்டியாகக் கடலில் போட்டது. 1846-ல் சானிங் பியர்ஸ் என்ற இங்கிலீஷ்காரர், தாயின் எலும்புக்கூட்டுக்குள் சிசுவின் எலும்பைக் கண்டு எழுதினார். 'அது குட்டி இல்லை, தின்ற இரை' என்று சொன்னவர்களும் உண்டு. தாய்மையைக்கூடச் சந்தேகப்படுகிற சாஸ்திரம் அது. சந்தேகப்படுவதுதான் அதன் உத்தியோகம், கோபித்துக்கொள்ளக் கூடாது.

இக்தியோசாரஸ் என்று இன்று கண்டிப்பாகச் சொல்லத் தகுந்த இனம் ரொம்பப் பெரியது அல்ல. ஆறேழு அடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிவரை. சுமார் 20 கோடி வருஷங்களுக்கு முந்திய கடலில், முக்கியமாக இன்றைய இங்கிலாந்து இருக்கும் இடத்தில் வாழ்ந்தது. அதன் பெரிய குடும்பம் உலகத்துக் கடல்களில் எல்லாம் பரவி, சுமார் 9 கோடி வருஷங்களுக்கு முன் பூண்டோடு அற்றுப்போயிற்று. நம் பக்கத்துக்கும் அந்தக் குடும்பத்தார் வந்துதான் போயிருக்கிறார்கள். திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பழைய கடற்பாறைகளில் கிடைத்த சில முள்ளெலும்புகளை வைத்து ரிச்சர்ட் லைடெக்கர் என்பவர் 1879-ல் 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று ஒரு பேர் வைத்தார். நாலு எலும்புக்கு ஒரு தனிப்பேர் தகாது என்று பின்னால் வந்தவர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். பேர் போனால் என்ன? எலும்பு எலும்புதான்.

இவ்வளவும் என் பெண்ணுக்குப் பதில் சொல்லப் போதும். நான் அத்தோடு நின்றிருக்கலாம். நிற்க விடாமல் இழுத்தது ஒரு தச்சன் வீட்டுப் பெண்ணின் கதை.

இங்கிலாந்தின் தென் கரையில் லைம் ரீஜிஸ் என்று ஒரு சின்ன ஊர். கடலோரமாகச் சாம்பலும் நீலமுமாகச் செங்குத்தான பாறை. சுண்ணாம்புக் கல் ஒரு வரி, களிக்கல் ஒரு வரி என்று மாறி மாறி அடுக்கியது போல இருக்கும். மாரிக்காலத்தில் புயல் அடித்தால் சரிந்து விழும். விழுந்த மண்ணில் சுருள் சுருளாகக் கற்கள் கிடைக்கும். நம் வீட்டுப் பூஜையில் இருக்கிற சாளக்கிராமத்துக்குள் இருக்குமே, அதே ஜாதிச் சுருள். அந்த ஊர் ஜனங்கள் அதைப் பாம்புக்கல் என்றார்கள். கோடையில் ஊர் பார்க்க வரும் பணக்காரர்களுக்கு அதை விற்றுக் கொஞ்சம் காசு பார்த்தவர்களில் ஒருவன் ரிச்சர்ட் ஆனிங் என்ற தச்சன்.

இந்தத் தச்சனைப் பற்றி ஒரு சின்ன விஷயம். 1804-ல் அந்த ஊரில் தங்கியிருந்த ஜேன் ஆஸ்டின் அம்மாள், உடைந்துபோன ஒரு பெட்டி மூடிக்காக இவனிடம் விலை கேட்டிருக்கிறார். ஐந்து ஷில்லிங் என்றானாம். அந்த அறையில் உள்ள அத்தனை சாமானும் சேர்ந்தாலும் அவ்வளவு பெறாது என்று அம்மாளுக்கு எரிச்சல். தமக்கைக்கு எழுதிய கடிதத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். மனுஷ மனசை அப்படித் துருவித் துருவிப் பார்த்தவருக்கு, அந்தத் தச்சன் வீட்டில் ஐந்து வயசுக் குழந்தை ஒன்று கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. நாவலாசிரியர்கள் பெரும்பாலும் தச்சனிடம் பேரம் பேசிவிட்டு வந்துவிடுகிறவர்கள்தான்.

அந்தக் குழந்தை மேரி. 1799-ல் பிறந்தவள். பதினைந்து மாசத்தில் அவளைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்ற மூன்று பெண்களும் இடி விழுந்து செத்தார்கள். குழந்தை மட்டும் பிழைத்தது. இதை நான் ஒரு கதையில் எழுதியிருந்தால் நீங்கள் பத்திரிகையைக் கீழே போட்டிருப்பீர்கள்.

1810-ல் தகப்பன் போய்விட்டான். மிஞ்சியது 120 பவுன் கடன். ஊர்ச் சபை ஏழைகளுக்குக் கொடுக்கிற உதவியில் குடும்பம் நடந்தது. மறு வருஷம் அண்ணன் ஜோசப் பாறைச் சரிவில் ஒரு தலையைக் கண்டான். நாலு அடி நீளத் தலை. முதலை என்று நினைத்தார்கள். அவன் நாற்காலிக்கு மெத்தை தைக்கிற தொழில் கற்கப் போய்விட, 1812-ல் பன்னிரண்டு பதின்மூன்று வயசுப் பெண் உடலைத் தேடிப் பிடித்தாள். கூலிக்கு ஆள் வைத்து வெட்டி எடுத்தார்கள். மொத்தம் சுமார் 17 அடி. ஊர் ஜமீன்தார் 23 பவுனுக்கு வாங்கிக்கொண்டார். பிறகு லண்டனில் ஒரு காட்சிசாலைக்குப் போயிற்று. 1819-ல் பிரிட்டிஷ் மியூஸியம் அதை 45 பவுன் 5 ஷில்லிங் கொடுத்து ஏலத்தில் எடுத்தது.

இதற்கிடையில் படித்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். எவரார்ட் ஹோம் என்ற பெரிய வைத்தியர் 1814-லிருந்து வரிசையாகக் கட்டுரை எழுதினார். மீன் என்றார், இடைப்பட்ட ஜந்து என்றார், புதிதாக ஒரு பேரும் சூட்டினார். மியூஸியத்தில் இருந்த கோனிக் என்பவர் சொன்ன 'இக்தியோசாரஸ்' என்ற பேரே நிலைத்தது. 1821-ல் டி லா பெச், கோனிபியர் என்ற இருவர் அதை முறைப்படி ஓர் இனமாக எழுதினார்கள். ஹோமின் அத்தனை கட்டுரையிலும் ஒரு பேர் மட்டும் கிடையாது: எடுத்துக் கொடுத்தவளுடைய பேர். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெரிய எலும்புக்கூடு இன்றைய கணக்கில் இக்தியோசாரஸே அல்ல. உறவுக்கார இனமான டெம்னோடோன்டோசாரஸ் என்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓர் இனத்துக்குப் பேர் வரக் காரணமாக இருந்துவிட்டு, அந்த இனத்திலேயே இடம் இல்லாமல் போயிற்று.

மேரி அந்தக் கரையை விட்டு அதிகமாக எங்கும் போகவில்லை. சர்ச்சு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கற்றதுதான் எழுத்து. படித்தவர்கள் எழுதிய கட்டுரைகளை இரவல் வாங்கி, படங்கள் உட்படக் கையால் காப்பி எடுத்து வைத்துக்கொண்டாள். எலும்பின் அமைப்புப் புரிவதற்காக மீனையும் கணவாயையும் அறுத்துப் பார்த்தாள். (வேப்பமரத்தைப் பார்க்கவில்லை.) மாரிக்காலத்தில், அலை இறங்கி ஏறுவதற்குள் இருக்கிற கொஞ்ச நேரத்தில், தலைக்கு மேல் தொங்குகிற பாறையின் அடியில் வேலை. கூடவே ட்ரே என்று ஒரு நாய். 1833-ல் ஒரு நாள் பாறை சரிந்து, அவள் கண் முன்னாலேயே நாய் நசுங்கிப் போயிற்று. கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் அவளும் போயிருப்பாள்.

அவளுக்கு உதவியவர்களும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். 1820-ல் வாடகைக்காக வீட்டுச் சாமானை விற்கப் போகிறார்கள் என்று அறிந்து, தாமஸ் பர்ச் என்ற ராணுவ அதிகாரி தம்முடைய கல் சேகரிப்பையே ஏலம் போட்டுச் சுமார் 400 பவுன் கொடுத்தார். டி லா பெச் அவளுக்கு ஆதரவாக ஒரு பழங்காலக் கடல் படத்தை எழுதி, அச்சிட்டு விற்ற பணத்தை அவளுக்குச் சேர்த்தார். 1835-லிருந்து வருஷம் 25 பவுன் வந்தது. பணம் கொடுத்தார்கள். பேரைக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை. அவள் உயிரோடு இருந்தபோது அவள் பேரை ஒரு ஜந்துவுக்கு வைத்தவர் அகஸ்ஸி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர்தான், அதுவும் பழைய மீன்களுக்கு. லண்டன் பூகர்ப்ப சாஸ்திரச் சங்கம் பெண்களை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது 1919-ல். அவள் செத்தது 1847-ல், மார்பில் புற்று வைத்து, 47 வயசில். அவளோடு கரையில் நடந்து பழகிய அன்னா பின்னி என்ற இளம் பெண் எழுதி வைத்திருக்கிறாள்: படித்த மனிதர்கள் தன் மூளையை உறிஞ்சிப் புஸ்தகம் போட்டுக்கொண்டார்கள், தனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று மேரிக்கு உள்ளூர ஒரு வருத்தம் இருந்ததாம்.

அவள் பேரில் ஓர் இக்தியோசாரஸ் வந்தது 2015-ல். அதுவும் வந்த விதத்தைக் கேளுங்கள். டான்காஸ்டர் என்ற ஊர் மியூஸியத்தில் ஓர் எலும்புக்கூடு வெகுகாலமாகக் கிடந்தது. பாரிஸ் சாந்தில் வார்த்த நகல் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2008-ல் டீன் லோமாக்ஸ் என்ற இளைஞர் அதைப் பார்த்து அசல் என்று கண்டுகொண்டார். அதன் வயிற்றில் அது கடைசியாகத் தின்ற கணவாயின் கொக்கிகள்கூட இருந்தன. ஏழு வருஷம் ஒப்பிட்டுப் பார்த்து, ஜூடி மாஸரி என்ற அம்மாளோடு சேர்ந்து எழுதி 'இக்தியோசாரஸ் ஆனிங்கே' என்று பேர் வைத்தார்கள்.

அசலைப் பாரிஸ் சாந்து என்று நினைத்த கதை இது. பாரிஸ் சாந்தை அசல் என்று விற்ற கதையும் ஒன்று உண்டு. அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

மேரியின் காலத்தில் தாமஸ் ஹாக்கின்ஸ் என்று ஒரு சேகரிப்பாளர் இருந்தார். இக்தியோசாரஸ் மேல் தீராத மோகம் அவருக்கு. எலும்புக்கூடு என்றால் தலை முதல் வால் வரை முழுசாக இருக்க வேண்டும். ஆனால் பூமி அப்படிக் கொடுக்கிறதா? ஒரு துடுப்பு இருக்காது, வாலில் பாதி இருக்காது. இல்லாததைப் பாரிஸ் சாந்தில் செய்து, நிறம் பூசி, பொருத்திவிடுவார். அற்புதமான வேலை. 1834-ல் பிரிட்டிஷ் மியூஸியம் அவருடைய சேகரிப்பை 1,310 பவுன் கொடுத்து வாங்கியது. பிறகுதான் கோனிக் உற்றுப் பார்த்து, எலும்பு எங்கே முடிகிறது, சாந்து எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்துக் கலங்கிப்போனார். பார்லிமெண்டு கமிட்டிவரை பேச்சு அடிபட்டது. ஹாக்கின்ஸைப் பற்றி மேரி ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறாள். கோபமாகக்கூட இல்லை. அந்த மனிதருக்கு ஆர்வம் ஜாஸ்தி; பொருள் கிடைத்த மாதிரி வைக்காமல், எப்படி இருக்க வேண்டும் என்று தமக்குத் தோன்றுகிறதோ அப்படிச் செய்துவிடுகிறார் என்று.

இந்த இடத்தில் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு, எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

என் பேரை நாலு பேருக்குத் தெரியச் செய்த கதை ஒன்று உண்டு. இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். கட்டிய மனைவியை விட்டுவிட்டு ஓடிப்போனவன் பதினோரு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் திரும்பி வருகிறான். வாசலில் நிற்கிறவனை அவள் பார்க்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைச் சாத்துகிறாள். கதை முடிந்தது. அந்தக் கதவு சாத்துகிற சத்தத்துக்காக எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்தன. ஒரு பரிசும் வந்தது.

அது என் கதை இல்லை. என் பெரியம்மாவினுடையது. அவள் பட்டதல்ல, அவள் பக்கத்து வீட்டில் கண்டது. மாவு சலித்துக்கொண்டே ஒரு நாள் எனக்குச் சொன்னாள். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அச்சில் வந்ததும் நானே போய் வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கடைசி வரி வந்ததும் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"அவ எங்கடா கதவைச் சாத்துனா? சோறுல்ல போட்டா?"

"கதைக்கு அப்படி இருந்தால்தான் பெரியம்மா நன்றாக இருக்கும்."

"ஓகோ" என்றாள். மறுபடி சலிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நடந்தது என்ன என்று அவள் சொல்லியிருந்தது இதுதான். அந்தப் பெண் இலையைப் போட்டாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். பதினோரு வருஷத்தில் அவனைப் பார்த்து அவள் கேட்ட ஒரே கேள்வி, "மோர் ஊத்தவா?" என்பது. அவன் திண்ணையில் ஒன்பது நாள் படுத்திருந்தான். போகும்போது பஸ்ஸுக்கு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்தாளாம். அவ்வளவுதான். எனக்கு அப்போது இருபத்தாறு வயசு. அந்த முடிவு எனக்கு நொண்டியாகப் பட்டது. இவ்வளவு நன்றாக வந்த கதை கடைசியில் போய் முறிந்துவிட்டதே என்று இருந்தது. சரிசெய்தேன். பரிசுப் பணத்தில் பெரியம்மாவுக்கு ஒரு சின்னாளப்பட்டுப் புடவை வாங்கிக் கொடுத்தேன். கதையின் தலைப்புக்குக் கீழே என் பேர் மட்டும்தான் இருந்தது. கணக்கு அத்தோடு தீர்ந்தது என்றே இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி புஸ்தகத்தை எடுத்தேன். அடுத்து வந்தது வாலைப் பற்றிய விஷயம்.

இக்தியோசாரஸின் எலும்புக்கூடுகளில் எல்லாம் முதுகெலும்பு வால் பக்கம் போகப் போக, கடைசியில் ஓரிடத்தில் கீழ்நோக்கி மடங்கியிருந்தது. முறிந்துபோயிற்று என்றுதான் முதலில் நினைத்தார்கள். செத்துக் கடலடியில் விழுந்து, மேலே மண் அமுக்கினால் முறியாமல் இருக்குமா? பல்லியின் வால் நேராகத்தானே இருக்க வேண்டும்? 1838-ல் ரிச்சர்ட் ஓவன் என்ற நிபுணர் ஒன்றைக் கவனித்தார். இத்தனை எலும்புக்கூடுகளும் ஒரே இடத்தில் ஏன் முறிய வேண்டும்? அங்கே ஒரு பெரிய துடுப்பு இருந்திருக்கும், செத்த பிறகு அதன் பாரம் இழுத்து வால் மடங்கியிருக்கும் என்றார். பாதி சரி. மீதி தெரிய இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஜெர்மனியில் ஹோல்ஸ்மாடன் என்ற ஊரின் கறுப்புக் கற்பலகைகளில், எலும்பைச் சுற்றித் தோலின் நிழல்கூட அப்படியே படிந்த உடல்கள் கிடைத்தன. பெர்ன்ஹார்ட் ஹாஃப் என்பவர் அவற்றைப் பொறுமையாகச் சுரண்டி வெளியே கொண்டுவந்தார். 1890-களில் உலகம் பார்த்தது: முதுகில் யாருமே எதிர்பாராத ஒரு துடுப்பு, பின்னால் பிறை போல ஒரு வால், அந்தப் பிறையின் கீழ்ப்பாதிக்குள் முதுகெலும்பு அழகாக வளைந்து இறங்குகிறது. சுறாவுக்கு மேலே ஏறுவது, இதற்குக் கீழே இறங்கியிருக்கிறது. முறிவே இல்லை. உயிரோடு இருந்தபோதே அப்படித்தான். அந்த வளைவு இருந்ததால்தான் அது நீந்தியது.

என் பெண்ணைக் கூப்பிட்டுப் படத்தில் அந்த வளைவைக் காட்டினேன். "எனக்குத் தெரியுமே" என்றாள்.

பிறகு அந்தப் பழைய கதையை எடுத்து, கதவைத் திறந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். மேலே 'பெரியம்மா சொன்னது' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அது சுலபமாக வந்தது. இலை போட்டாயிற்று. சோறு போட்டாயிற்று. குழம்பும் ஊற்றியாயிற்று. "மோர் ஊத்தவா?" என்று அவள் கேட்டுவிட்டாள். அதற்கு அவன் என்ன சொன்னான்?

பெரியம்மா அதையும் சொன்னாள். அவள் சொன்னபோது சல்லடை ஒரு நிமிஷம் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அவன் சொன்ன வார்த்தை நினைவில்லை. வேண்டாத எலும்பு என்று அன்றைக்கே தூக்கி எறிந்துவிட்டேன். கேட்டுக்கொள்ளலாம் என்றால் பெரியம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

லைம் ரீஜிஸ் பாறையிலிருந்து அந்த அண்ணனும் தங்கையும் எடுத்த ஜந்துவின் தலை மட்டும் இன்று லண்டன் மியூஸியத்தில் இருக்கிறது. உடலெலும்புகள் நடுவில் எங்கேயோ தொலைந்துபோயின. தலையை மட்டும்தான் வைத்திருக்கிறார்கள்.

அவன் சொன்ன பதிலை இட்டுக்கட்ட எனக்கு அரை நிமிஷம் ஆகாது. மூன்று பதில் தயாராக இருக்கிறது. மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. அந்த இடத்தில் ஒரு வரி காலியாக விட்டுவிட்டு, அடுத்த வரியில் அவனைத் திண்ணையில் படுக்க வைத்திருக்கிறேன்.